உறங்கும் கணினியை எழுப்பும் 102 பைட்டுகள்

மேசைக் கணினியை முறையாக அணைத்துவிட்டு, திரை கறுத்து, உள்ளே காற்றாடியும் நின்ற பிறகு, பெட்டியின் பின்புறம் குனிந்து பாருங்கள். நெட்வொர்க் கேபிள் செருகியிருக்கும் இடத்தின் ஓரத்தில் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அது பழுதல்ல. சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைக்காதவரை இன்றைய கணினி முழுவதுமாக அணைவதில்லை. அதன் ஒரு சிறு பகுதி மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் விழித்திருக்கிறது. அந்தப் பகுதிக்குப் புரியும்படி ஒரு செய்தி அனுப்பினால், பட்டனை யாரும் தொடாமலேயே கணினி எழுந்து இயங்கத் தொடங்கும். செய்தியைப் பக்கத்து அறையிலிருந்தும் அனுப்பலாம், சற்று ஏற்பாடு செய்துகொண்டால் வேறு ஊரிலிருந்தும் அனுப்பலாம்.

இதற்கு ‘வேக் ஆன் லேன்’ என்று பெயர். கால் நூற்றாண்டுக்கும் மேல் பழைய வசதி. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கேபிள் வழியாக நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் பெரும்பாலான மேசைக் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. வீட்டிலிருக்கும் கோப்பை வெளியூரிலிருந்து எப்போதாவது எடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காகவும், இரவில் மென்பொருள் புதுப்பிப்பு நடக்க வேண்டும் என்பதற்காகவும் எத்தனையோ கணினிகள் விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வீண்செலவைத் தவிர்ப்பதற்காகவே இந்த நுட்பம் உருவானது என்பதால், அது இயங்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் பட்டனைப் பற்றி. ஐ.பி.எம். நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஏ.டி. வகைக் கணினியிலும் அதன் வழிவந்தவற்றிலும் ஸ்விட்ச் நேராக மின்னிணைப்பையே துண்டித்தது. அணைத்தால் உள்ளே எதற்கும் மின்சாரம் கிடையாது. அப்படிப்பட்ட கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்ப வழியே இல்லை, கேட்பதற்கு உள்ளே யாரும் விழித்திருக்கவில்லை. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய வடிவமைப்பைக் கொண்டுவந்தபோது இந்த நிலை மாறியது. ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளை, கணினி அணைந்திருக்கும்போதும் ஒரே ஒரு கம்பியில் மட்டும் 5 வோல்ட் அழுத்தத்தை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். ஊதா நிறக் கம்பி அது. பச்சை நிறத்தில் இன்னொரு கம்பி உண்டு. மதர்போர்டு அந்தப் பச்சைக் கம்பியைத் தரையிணைப்போடு சேர்த்ததும், பவர் சப்ளை மற்ற எல்லாக் கம்பிகளிலும் மின்சாரத்தைத் திறந்துவிடும்.

ஆக, இன்று நாம் அழுத்தும் பட்டன் மின்சாரத்தைத் திறப்பதில்லை. ‘இயங்கத் தொடங்கு’ என்று மதர்போர்டுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறது, அவ்வளவுதான். அதே வேண்டுகோளை விசைப்பலகையும் வைக்கலாம், உள்ளிருக்கும் கடிகாரமும் வைக்கலாம், நெட்வொர்க் கார்டும் வைக்கலாம். தொலைவிலிருந்து கணினியை இயக்குவதன் அடிப்படை இந்த ஒரு மாற்றம்தான் என்பேன். மற்றவை எல்லாம் அதன்மேல் கட்டப்பட்டவை.

நெட்வொர்க் கார்டுக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-இல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியது. சும்மா இருக்கும் கணினியும் திரையும் தாமாகவே உறக்க நிலைக்குப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். அடுத்த ஆண்டே, அரசு அலுவலகங்கள் அந்த முத்திரை பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என்று அதிபர் கிளின்டன் ஆணையிட்டார். அமெரிக்க அரசு பெரிய வாடிக்கையாளர். கணினி செய்பவர்கள் எல்லாரும் உறங்கும் கணினிகளைச் செய்ய முனைந்தார்கள்.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிப்பவர்கள், ஊழியர்கள் வீடு போன பிறகுதான் புதிய மென்பொருளை ஏற்றுவார்கள், காப்புப் பிரதி எடுப்பார்கள். கணினி உறங்கினால் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போய்விடும். வேலை நடக்காது. எனவே அவர்கள் உறக்க வசதியையே முடக்கிவைத்தார்கள், அல்லது ‘போகும்போது கணினியை அணைக்காதீர்கள்’ என்று ஊழியர்களிடம் சொல்லிவைத்தார்கள். மின்சாரத்தைச் சேமிக்க வந்த ஏற்பாடு, பராமரிப்பு வேலையோடு மோதி நின்றது.

ஏ.எம்.டி. நிறுவனம் ஹியூலட் பேக்கார்டுடன் சேர்ந்து இதற்கு ஒரு விடை கண்டது. உறங்கும் கணினியின் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் உயிர் இருக்கட்டும். குறிப்பிட்ட வடிவில் ஒரு செய்தி வந்தால் அது கணினியை எழுப்பட்டும். அந்தச் செய்திக்கு ‘மேஜிக் பாக்கெட்’ என்று பெயரிட்டு, 1995 நவம்பரில் அதன் வடிவத்தை விளக்கும் வெள்ளை அறிக்கையை ஏ.எம்.டி. வெளியிட்டது. இன்டெலும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து அமைத்த கூட்டணி 1997-இல் அதையே ‘வேக் ஆன் லேன்’ என்ற பெயரில் கணினிகளில் பரவலாகக் கொண்டுவந்தது. அந்த நாளில் நெட்வொர்க் கார்டிலிருந்து மதர்போர்டுக்கு மூன்று முனை கொண்ட ஒரு குட்டிக் கேபிளைத் தனியாகச் செருக வேண்டியிருந்தது. அதன் வழியாகத்தான் உறக்கத்திலும் கார்டுக்கு மின்சாரம் போகும், எழுப்பும் சமிக்ஞை வரும். சில ஆண்டுகளில், கார்டைச் செருகும் பி.சி.ஐ. துளையின் வழியாகவே இரண்டும் கிடைக்கும்படி தரநிலை திருத்தப்பட்டது, கேபிள் மறைந்தது. இன்று நெட்வொர்க் கார்டே மதர்போர்டோடு ஒன்றாகிவிட்டது.

இனி அந்தச் செய்தி. நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் நீளமுள்ள ஓர் எண் கொடுக்கப்படுகிறது. மேக் முகவரி என்று அதைச் சொல்வார்கள். பொதுவாக முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும், மறுபாதி அந்தத் தயாரிப்பாளர் தன் கார்டுகளுக்கு இடும் வரிசை எண். 48 பிட் என்றால் 6 பைட். மேஜிக் பாக்கெட்டில் முதலில் 6 பைட்டுகள், அவற்றின் எல்லாப் பிட்டுகளும் 1. அதைத் தொடர்ந்து, எழுப்ப வேண்டிய கணினியின் மேக் முகவரி இடைவெளியில்லாமல் 16 முறை. 6 பைட், அதோடு 16 தடவை 6 பைட். மொத்தம் 102 பைட். வேறு எதுவும் தேவையில்லை. கட்டளைச் சொல் கிடையாது, அனுப்புபவர் பெயர் கிடையாது.

முகவரியை ஒரு முறை சொன்னால் போதாதா, ஏன் 16 முறை? 48 பிட் எண் ஒன்று தற்செயலாக அப்படியே அமைவதற்கு வாய்ப்பு சுமார் 281 லட்சம் கோடியில் ஒன்று. தற்செயலை மட்டும் தடுப்பதென்றால் அதுவே தாராளம். ஆனால் ஒரு கணினியின் மேக் முகவரி நெட்வொர்க்கில் தற்செயலாக வருவதில்லை. அந்தக் கணினிக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் அது இருக்கிறது. ‘இந்த ஐபி முகவரி யாருடையது?’ என்று கணினிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் சாதாரண விசாரிப்புகளின் உள்ளேயும் இருக்கிறது. அதைக் கண்டவுடன் எழுந்துவிட்டால் கணினி ஒரு நிமிடம்கூட உறங்க முடியாது. 16 முறை அடுத்தடுத்து வருவது என்பது, யாராவது வேண்டுமென்றே எழுதினாலன்றி நடக்காது. கண்மூடித்தனமாக நிரப்பப்பட்ட 96 பைட்டுகள் அந்த வரிசையில் அமைந்துவிடும் வாய்ப்பைக் கணக்கிட்டால், 232 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணில் ஒன்று.

இந்த வடிவத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் எளிமை. உறங்கும் கணினியில் மையச் செயலகம் (சி.பி.யு.) இயங்காது, இயங்குதளமும் இயங்காது. நெட்வொர்க் கார்டிலுள்ள ஒரு சிறு மின்சுற்றுதான் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். அது செய்யவேண்டியது மிகக் கொஞ்சம். எல்லாம் 1-ஆக உள்ள 6 பைட்டுகள் கண்ணில் படும்வரை வருவதைத் தள்ளிவிட வேண்டும். பட்டதும், அடுத்து வரும் பைட்டுகளைத் தன் முகவரியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எண்ண வேண்டும். எங்காவது பிசகினால் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 16 நிறைந்தால் மணியடிக்க வேண்டும். செய்தியை எங்கும் சேமித்து வைக்க வேண்டியதில்லை. அது எந்த நெறிமுறையில் வருகிறது என்று பிரித்துப் பார்க்கவும் தேவையில்லை. பாக்கெட்டின் எந்த மூலையில் அந்த வரிசை இருந்தாலும் சரி. அதனால்தான் சில வாட் அல்ல, ஒரு வாட்டுக்கும் குறைவான மின்சாரத்திலேயே பல கார்டுகள் இந்தக் காவலைச் செய்கின்றன. கணினி உறங்கும்போது பல கார்டுகள் இணைப்பின் வேகத்தையும் விநாடிக்கு 10 மெகாபிட் அளவுக்குக் குறைத்துக்கொள்கின்றன. வேகம் குறைந்தால் செலவும் குறையும்.

நடைமுறையில் இந்த 102 பைட்டுகளை யு.டி.பி. என்ற இணைய நெறிமுறையின் செய்தி ஒன்றுக்குள் வைத்து அனுப்புவதே வழக்கம். செய்தி எந்தச் சேவைக்கு என்று குறிக்கும் போர்ட் எண் பெரும்பாலும் 9, சில மென்பொருள்களில் 7. கார்டு போர்ட் எண்ணைப் பார்ப்பதே இல்லை என்பதால் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனாலும் 9-ஐத் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1983-இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறை ஒன்றின்படி, 9-ஆம் போர்ட்டுக்கு வரும் எதையும் பதில் சொல்லாமல் எறிந்துவிட வேண்டும். விழித்திருக்கும் கணினிகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தாலும் அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் இராது.

விழித்திருக்கும் கணினிகளுக்கு ஏன் போய்ச் சேர வேண்டும்? இங்கேதான் வீட்டில் அமைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். நாம் சாதாரணமாக ஒரு கணினியை ஐபி முகவரியால் அழைக்கிறோம். அந்த ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரி எது என்று ரூட்டர் நெட்வொர்க்கில் கேட்கும், கணினி ‘என்னுடையது’ என்று பதில் சொல்லும், ரூட்டர் அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அணைந்த கணினியால் பதில் சொல்ல முடியாது. ரூட்டரின் நினைவு மறைந்ததும் அந்த ஐபி முகவரிக்கு அனுப்பும் எதுவும் வழியிலேயே நின்றுபோகும். எந்தத் துளையில் எந்தக் கணினி செருகியிருக்கிறது என்று, கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் வைத்திருக்கும் குறிப்பும் வழக்கமாக 5 நிமிடத்தில் காலாவதியாகிவிடும். இதனால்தான், அமைத்த உடனே சோதித்தால் வேலை செய்கிறது, மறுநாள் காலையில் செய்வதில்லை.

எனவே மேஜிக் பாக்கெட்டைத் தனி முகவரிக்கு அனுப்பாமல், அந்த நெட்வொர்க்கிலுள்ள எல்லாருக்குமாக ஒலிபரப்ப வேண்டும். மருத்துவமனையில் டோக்கன் எண்ணை உரக்கக் கூப்பிடுவார்களே, அதுபோல. கூடத்தில் எல்லார் காதிலும் விழும். அந்த எண்ணுக்கு உரியவர் மட்டும் எழுந்து போவார். வீட்டு நெட்வொர்க்கில் கணினிகளின் முகவரி 192.168.1 என்று தொடங்கினால், 192.168.1.255 என்பது பொதுவாக அந்தக் கூடத்துக்கான ஒலிபரப்பு முகவரி.

ஒலிபரப்பு அந்த நெட்வொர்க்குக்குள் மட்டுமே கேட்கும். ரூட்டர் அதை வெளியே விடாது, வெளியிலிருந்து வருவதை உள்ளேயும் விடாது. அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. 1990-களில் ‘ஸ்மர்ஃப்’ என்ற தாக்குதல் இணையத்தை அலைக்கழித்தது. எங்கிருந்தோ ஒருவர் வேறொரு நெட்வொர்க்கின் ஒலிபரப்பு முகவரிக்கு ஒரு சிறு விசாரிப்பை அனுப்புவார், அனுப்பியவர் இடத்தில் பலியாக வேண்டியவரின் முகவரியைப் போட்டுவிடுவார். அந்த நெட்வொர்க்கிலுள்ள அத்தனை கணினிகளும் ஒரே நேரத்தில் பலியானவருக்குப் பதில் அனுப்பி மூழ்கடிக்கும். 1999-இல் இணையத் தரநிலையையே மாற்றினார்கள். வெளியிலிருந்து வரும் ஒலிபரப்பை ரூட்டர்கள் இயல்பாகவே தடுக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து விதி. இந்தத் தடையைப் பலர் தொல்லையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது இணையம் கற்றுக்கொண்ட நல்ல பாடமாகவே படுகிறது. அதைச் சுற்றிப்போக முயலாமல், அதை மதித்தே நம் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

சரி, உங்கள் கணினியில் எப்படி அமைப்பது? கணினி தொடங்கும்போது பயாஸ் அமைப்புக்குள் போங்கள். மின்சாரம் தொடர்பான பகுதியில் ‘வேக் ஆன் லேன்’ என்றோ, ‘பி.சி.ஐ. கருவியால் எழுப்புதல்’ என்ற பொருளிலோ ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்குங்கள். பக்கத்திலேயே ‘ஈ.ஆர்.பி.’ என்று ஒன்று இருந்தால் அது அணைந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், அணைத்த கருவிகள் 2010 முதல் 1 வாட்டுக்கு மேலும், 2013 முதல் 0.5 வாட்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது என்று விதித்தது. அந்த அளவுக்குள் அடங்குவதற்காக, ஈ.ஆர்.பி. தேர்வு நெட்வொர்க் கார்டின் மின்சாரத்தையும் நிறுத்திவிடும். கணினி அணைந்த பிறகு கேபிள் பக்கத்து விளக்கு எரியவே இல்லையென்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

விண்டோஸில் இரண்டு இடங்கள். கருவி மேலாளரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து, மின்சார மேலாண்மைப் பகுதியில், இந்தக் கருவி கணினியை எழுப்பலாம் என்று அனுமதி கொடுங்கள். அதன் கீழே, மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டும் எழுப்பு என்ற தேர்வையும் சேர்த்தே குறியிடுங்கள். அதை விட்டுவிட்டால் வேறு சில சாதாரணச் செய்திகளுக்கும் கணினி எழுந்துகொள்ளும். நள்ளிரவில் அறையில் தானாகத் திரை ஒளிரும். இரண்டாவது, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. விண்டோஸ் 8-இலிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி உண்மையில் முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை வேகமாகத் தொடங்குகிறது. இந்த நிலையிலிருந்தும், முழு அணைப்பிலிருந்தும் நெட்வொர்க் வழியாக எழுப்புவதை விண்டோஸ் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அணைத்த கணினி மின்சாரம் எடுக்காது என்றே பயனர் எதிர்பார்ப்பார் என்பது அவர்கள் தரும் காரணம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினால் பல கணினிகள் முழு அணைப்பிலிருந்தும் பயாஸின் தயவில் எழுகின்றன, சில எழுவதில்லை. நம்பகமாக வேண்டுமென்றால் ‘ஸ்லீப்’ அல்லது ‘ஹைபர்னேட்’ கொடுத்துவிட்டுப் போங்கள். ஹைபர்னேட்டில் நினைவகத்தில் உள்ளது முழுவதும் வட்டில் எழுதப்படுவதால் மின்செலவு கிட்டத்தட்ட அணைத்ததற்குச் சமம்.

லினக்ஸில் ‘எத்டூல்’ என்ற கருவி கார்டு எந்தெந்தச் செய்திக்கு எழும் என்பதை ஒற்றை ஆங்கில எழுத்துகளால் காட்டும். ‘டி’ என்றால் எதற்கும் எழாது, ‘ஜி’ என்றால் மேஜிக் பாக்கெட்டுக்கு எழும். ‘ஜி’ ஆக மாற்றினாலும் பல லினக்ஸ் அமைப்புகளில் மறுதொடக்கத்தில் பழைய நிலைக்குப் போய்விடும், நிலையாக இருக்கும்படி நெட்வொர்க் மேலாளரிலும் பதிய வேண்டும்.

மேக் முகவரியை விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘கெட்மேக்’ என்று கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். கேபிள் செருகிய கார்டின் முகவரிதானா என்று சரிபாருங்கள், வைஃபைக்கு வேறு முகவரி. வைஃபையில் எழுப்புவதற்கும் நுட்பம் இருக்கிறது, ஆனால் ரேடியோவையும் குறியாக்கத்தையும் உறக்கத்திலும் தக்கவைக்க வேண்டியிருப்பதால் அது கணினிக்குக் கணினி வேறுபடுகிறது. முழுதாக அணைத்த கணினியில் அதை நம்பவே முடியாது. கேபிள் போடுங்கள். பிறகு கைப்பேசியில் ஏதாவதொரு வேக் ஆன் லேன் செயலியை நிறுவி, அதே வீட்டு நெட்வொர்க்கிலிருந்து எழுப்பிப் பாருங்கள். இரவு முழுவதும் உறங்கவிட்டு மறுநாள் ஒருமுறை பாருங்கள், அதுதான் உண்மையான சோதனை.

மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்சாரம் போய் வந்த பிறகு, ஊதாக் கம்பியில் மறுபடி 5 வோல்ட் வந்துவிடும். ஆனால் ‘எழுப்பக் காத்திரு’ என்று இயங்குதளம் கார்டுக்குச் சொல்லிவைத்திருந்தது பல கணினிகளில் அழிந்துபோயிருக்கும், ஒருமுறை கையால் இயக்கி அணைத்தால்தான் மறுபடி காதுகொடுக்கும். ஊருக்குப் போயிருக்கும்போது இது நடந்தால் வழியில்லை. பயாஸில், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்க வேண்டும் என்ற தேர்வு இருக்கும். அதை இயக்கி, சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் தானாக உறங்கும்படியும் வைத்துவிட்டால் சிக்கல் தீரும். வட்டைக் குறியாக்கம் செய்து, தொடங்கும்போதே கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ளுங்கள்: முழு அணைப்பிலிருந்து எழும் கணினி அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும். உங்களுக்கு ஸ்லீப்தான் ஏற்றது.

வெளியூரிலிருந்து எழுப்ப, வீட்டுக்குள்ளிருந்தே ஒலிபரப்பும் ஒரு கருவி வேண்டும். எப்போதும் இயங்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று போதும், பல ரூட்டர்களிலேயே அந்த வசதி இருக்கிறது. அந்தக் கருவியை வி.பி.என். வழியாக, அதாவது குறியாக்கம் செய்த தனிப் பாதையில் அணுகி, ‘இந்தக் கணினியை எழுப்பு’ என்று சொல்ல வேண்டும். ரூட்டரில் 9-ஆம் போர்ட்டைத் திறந்து ஒலிபரப்பு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள் என்று சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். பல ரூட்டர்களில் அது நடக்காது. நம் நாட்டில் பல இணைய இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான், திறந்தாலும் செய்தி வந்து சேராது. வந்து சேரும் இடங்களிலோ, யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம் என்றாகிவிடும்.

ஏனென்றால் மேஜிக் பாக்கெட்டில் பாதுகாப்பு என்று ஒன்று இல்லை. மேக் முகவரி தெரிந்தால் போதும், அதே நெட்வொர்க்கில் இருக்கும் எவருக்கும் அது தெரியும். ‘செக்யூர் ஆன்’ என்ற பெயரில் 6 பைட் கடவுச்சொல் ஒன்றைச் சேர்க்கும் வழி சில கார்டுகளில் உண்டு. அதையும் மறைக்காமல் அப்படியே அனுப்புவதால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எளிதில் கிடைத்துவிடும். எழுப்புவதால் மட்டும் யாரும் உள்ளே நுழைந்துவிட முடியாது, உண்மைதான். ஆனாலும் அணைந்த கணினியைத் தாக்க முடியாது என்ற இயல்பான பாதுகாப்பு போய்விடுகிறது. ‘ரியுக்’ என்ற பிணைப்பண மென்பொருள் இதைப் பயன்படுத்திக்கொண்டது. ஒரு கணினிக்குள் புகுந்ததும், அந்தக் கணினி அறிந்துவைத்திருந்த மற்ற மேக் முகவரிகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் மேஜிக் பாக்கெட் அனுப்பியது. இரவில் உறங்கிக்கொண்டிருந்த கணினிகள் எழுந்தன. ரியுக் அவற்றின் வட்டுகளையும் பூட்டியது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்தினார்கள். அலுவலகங்களில் மேஜிக் பாக்கெட் அனுப்பும் உரிமையைப் பராமரிப்புக் கணினி ஒன்றுக்கு மட்டும் கொடுத்து, மற்ற இடங்களிலிருந்து வருவதைத் தடுப்பது அவசியம்.

இன்னொரு குறை, பதில் வராது. அனுப்பினோம், எழுந்ததா என்று தெரிய, கொஞ்ச நேரம் கழித்துக் கணினியைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதனால்தான் சர்வர்களில் வேறு வழியைப் பின்பற்றுகிறார்கள். 1998-இல் வந்த ஐ.பி.எம்.ஐ. தரநிலைப்படி, சர்வரின் மதர்போர்டில் மேற்பார்வைக்கென்றே தனியாக ஒரு சிறு கணினி இருக்கும். அது கடவுச்சொல் கேட்கும், இயக்கும், அணைக்கும், வெப்பநிலையையும் சொல்லும். அந்தச் சிறு கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் தேவை. வீட்டுக்கு அத்தனை பாரம் வேண்டாம்.

என்னைக் கவர்ந்தது ஆப்பிள் 2009-இல் தன் ஸ்னோ லெப்பர்ட் இயங்குதளத்தோடு கொண்டுவந்த முறை. ஆப்பிள் கணினி உறங்கப் போகுமுன், தான் தரும் சேவைகளின் பட்டியலை நெட்வொர்க்கில் விழித்திருக்கும் வேறொரு ஆப்பிள் கருவியிடம் ஒப்படைத்துவிடும். யாராவது அந்தக் கணினியை விசாரித்தால் அந்தக் கருவி அதன் சார்பில் பதில் சொல்லும். உண்மையாகவே கோப்பு வேண்டும் என்று யாராவது வந்தால் மட்டும் கணினியை எழுப்பும். கேட்டவருக்கு அது உறங்கிக்கொண்டிருந்ததே தெரியாது. மேக் முகவரியைக் குறித்துவைக்கவோ செயலி தேடவோ வேண்டாம். எல்லாக் கணினிகளும் இப்படி இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. தன்னிச்சையாக நடக்கும் சேமிப்பே நிலைக்கும், மனிதர் நினைவு வைத்துச் செய்ய வேண்டியதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 40 கணினிகள் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். சும்மா இயங்கும் மேசைக் கணினி ஒன்று 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாலை 6 மணியிலிருந்து காலை 8 மணிவரை அந்த ஆய்வகம் 28 யூனிட் மின்சாரத்தை யாருக்கும் பயனின்றிச் செலவழிக்கும். ஆண்டுக்கு 10,220 யூனிட். அதே கணினிகள் உறங்கி, கணினிக்கு 1 வாட் எடுத்தால் ஓர் இரவுக்கு 0.56 யூனிட். புதுப்பிப்புக்காக எல்லாவற்றையும் எழுப்பி ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் அதற்கு 2 யூனிட்தான் கூடுதல்.

ஆய்வகங்களையும் அலுவலகங்களையும் பராமரிப்பவர்களே, இரவில் கணினிகளை ஓடவிடுவதற்குப் புதுப்பிப்பு மட்டும்தான் காரணம் என்றால், அந்தக் காரணம் 1997-லேயே தீர்ந்துவிட்டது. ஒரு கணினியில் அமைத்து ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். வேலை செய்தால், எல்லாக் கணினிகளின் மேக் முகவரிகளையும் ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டு, மற்றவற்றையும் உறங்கவிடுங்கள்.